யாருக்கும் தெரியவில்லை என்று எழுதினேன்

இருந்தவர்கள்:
லபேஜா அம்மா, தலைவி.
அரியேமோ.
பெரிய அசிரோ.
சின்ன அசிரோ.
லமுனு.
இன்னும் ஒன்பது பேர், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
அட்டிமாங்கோ, செயலாளர்.
வராதவர்கள்: ஒருவருமில்லை.

எங்கள் சங்கத்துக் கூட்டக் குறிப்பேட்டில், மார்ச் முதல் வியாழக்கிழமைப் பக்கத்தில் இது இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அட்டிமாங்கோ நான்தான். இந்தப் பட்டியலில் பொய் இல்லை. பொய் அதே பக்கத்தில் பத்து வரி கீழே இருக்கிறது.

எல்லாரும் சண்டையில் புருஷனை இழந்தவர்கள். யார் சுட்டான், எந்தப் பக்கம் நின்று செத்தான் என்று கேட்கக் கூடாது. அது முதல் விதி. பெயர் கூப்பிட்டதும் எழுந்து புருஷன் பெயரையும் அவன் விழுந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அது இரண்டாவது. நான் "ஓலானியா, இடம் தெரியாது" என்பேன். என் புருஷன் சைக்கிளுக்கு டயர் வாங்கப் பாடேர் டவுனுக்குப் போனார். வழியில் கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது மூத்தவளுக்கு ஒரு வயது, இளையவள் வயிற்றில்.

லமுனு எழுந்து "வாத்தியார், கொங்கோ எல்லைக் காடு" என்பாள். முதல் தடவை சிலர் சிரித்துவிட்டார்கள். காட்டில் கலகக்காரர்களுக்கு மேலே இருக்கிறவன் எல்லாருக்கும் வாத்தியார் என்றுதான் பெயர். வீட்டுப் பெயரைக் கேட்டால் அடி விழும். அவளைப் பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துப் போய் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவன் செத்த பிறகு, இருபத்திரண்டு வயதில், ஓபோல் என்ற பையனை முதுகில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி நடந்து வந்தாள். பையனுக்கு அப்போது ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளையை யாரும் முதுகில் கட்டுவதில்லை. அவன் கால் வீங்கியிருந்ததாம்.

சங்கத்துக்குள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவது "சக்களத்தி" என்றுதான். அரியேமோ ஆரம்பித்தது. "நாம எல்லாம் ஒரே ஆளுக்கு வாக்கப்பட்டவளுங்கடி. அவன் பேரு சண்டை. கிழட்டு நாய் இன்னும் சாகல" என்பாள். எங்கள் மொழியில் சக்களத்திக்கும் பொறாமைக்கும் வேர் ஒன்று. அதனால் அந்த வார்த்தைக்குச் சிரிப்பு கூடுதலாக வரும்.

மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுவோம், காணி வழக்குக்குக் கூட்டமாகப் போய் நிற்போம். ஆனால் வேலை நடப்பது குந்தலில்தான். புருஷன் வீட்டார் ஒருத்தியை நிலத்திலிருந்து துரத்தினால், சங்கம் மொத்தமும் மண்வெட்டி, பானை, அவரவர் மாவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த முற்றத்தில் போய்க் குந்தும். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டோம். யாரையும் திட்ட மாட்டோம். அவள் நிலத்தைக் கொத்துவோம், களி கிண்டுவோம், சாப்பிடுவோம், பாயை விரித்துப் படுப்போம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அந்த வீட்டுக்காரனுக்கு வெட்கம் வர வேண்டும். வரும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

நாலு வருஷத்துக்கு முன் எனக்காகக் குந்தினார்கள். ஓலானியாவின் தம்பி ஒயாட், ஓடையோரம் இருந்த எங்கள் நாலு காணியிலும் தன் எருதை இறக்கிவிட்டான். "ரெண்டும் பொட்டை. நாளைக்கு வேற குலத்துக்குப் போறதுங்க. உனக்கு எதுக்கு அண்ணி நிலம்?" என்றான். ஐந்து நாள் குந்தினார்கள். மலேரியாக் காய்ச்சலோடு வந்த லமுனு, நடுங்கிக்கொண்டே ஒரு பாத்தியை முழுசாகக் கொத்தி முடித்தாள். ஆறாம் நாள் ஒயாட் பெரியவர்களைக் கூட்டிவந்து எருதை ஓட்டிக்கொண்டு போனான்.

இப்போது அந்த மார்ச் வியாழன்.

பழைய பருத்திக் கிடங்கில் கூட்டம். பேச வேண்டியது லமுனுவின் காரியம். அவள் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள். பையனுக்குப் பதிமூன்று வயதாகிவிட்டது. மழைக்கு முன் அவனை அப்பன் குலத்தில் கொண்டு விடச் சொல்லி மாமன் கெடு வைத்துவிட்டான்.

"அடுத்தவன் விதையை என் மண்ணுல ஊன முடியாதுன்றாரு," என்றாள் லமுனு. "அப்பன் யாருன்னு தெரியாத பயலுக்கு ஊர்ல ஒரு பாத்தி கிடையாது. நாளைக்கு அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? செத்தா எங்க புதைப்பாங்க?"

"அப்பன் குலத்தைக் கண்டுபிடிப்போம், அப்புறம் போய்க் குந்துவோம்," என்றாள் லபேஜா அம்மா. "அந்த ஆளைப் பத்தி என்னடி தெரியும் உனக்கு?"

"அச்வா ஆத்துக்கு இந்தப் பக்கம்னு பேச்சுல தெரியும். அவ்வளவுதான்மா. ராத்திரி வந்துட்டுப் போறவன்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

 அரியேமோதான் எழுந்தாள். "முதல்ல கஞ்சியைக் குடிப்போம். வயித்துல எதுவும் இல்லாம யோசிச்சா புருஷன் ஞாபகம்தான் வரும். ஏ லமுனு, அந்தப் பானையைப் பிடி, சக்களத்தி."

லமுனு கந்தல் துணியால் பானையைப் பிடித்துத் தூக்கினாள். துணி நழுவிக் கொதிக்கும் கஞ்சி கையில் பட்டது. அவள் அலறவில்லை. தலையைத் தூக்கி, ஆண்பிள்ளைக் குரலில் கூவினாள்:

"மழைக்கு எழும்பாத கோழி!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஆணுக்கும் சொந்தமாக ஒரு கூவல் உண்டு. கல் இடறினால், ஈட்டி மானில் பாய்ந்தால், குடிபோதையில் கம்பை ஓங்கினால் அதைக் கூவுவான். பெண்கள் கூவுவதில்லை.

"மீசை முளைச்சிருக்கா பாருங்கடி," என்றாள் சின்ன அசிரோ.

லமுனுவும் சிரித்தாள். "அந்தாளு கூவுவாரு. ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டு என் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. கை சுட்டா தானா வருது."

லபேஜா அம்மா சிரிக்கவில்லை. "பைத்தியக்காரி. ஏழு வருஷமா வாத்தியார் வாத்தியார்னு அழுதுக்கிட்டு இருக்கே. கூவல் தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னியா? ஆம்பளை பேரை மாத்துவான், கூவலை மாத்த மாட்டான்டி. யாராவது கேட்டிருக்கீங்களா? மழைக்கு எழும்பாத கோழி, யாரோடது?"

ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள். என் முறை வந்தது. நானும் தலையாட்டினேன்.

"எழுதிக்க," என்றாள் லபேஜா அம்மா.

கூவலை எழுதினேன். அதற்குக் கீழே, 'யாருக்கும் தெரியவில்லை' என்று எழுதினேன்.

கல்யாணமான மாதம் ஓலானியா எங்கள் குடிசைக்குக் கூரை வேய்ந்தார். பாதி வேயும்போது ஆலங்கட்டி மழை. உதவிக்கு வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். இவர் மேலேயே இருந்து புல்லைக் கட்டினார். கீழே, திறந்த வெளியில், ஒரு கோழி முட்டைமேல் உட்கார்ந்தபடி நனைந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து, "நாங்க ரெண்டு பேருதான் ஓடல" என்றார். அன்று முதல் அதுதான் அவர் கூவல். அதைக் கேட்டவர்களில் உயிரோடு இருந்தது நான், ஒயாட். இப்போது லமுனு.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அழுதேனா என்று கேட்டால், இல்லை. கணக்குப் போட்டேன். அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய வருஷம், உடல் இல்லாமலே அவருக்குக் கடைசிச் சடங்கு செய்தேன். மூன்று நாள் ஊர் முழுக்க ஆடியது. நான் தலையை மழித்துக்கொண்டேன். லமுனு சொன்ன தேதிப்படி அவர் செத்தது அதற்குப் பதினொரு மாதம் கழித்து. நான் ஒப்பாரி வைத்த அன்று, அவர் காட்டில் ஐந்து வயது மகனோடு எதையோ சுட்டுத் தின்றுகொண்டிருந்திருப்பார்.

அதற்குமேல் பதிமூன்று என்ற எண். என் இளையவளுக்குப் பதிமூன்று வயது ஆனபோது அவள் இன்னும் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். லமுனு ஓலானியாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று தெரியாமல், அந்த வாத்தியாரை ஏழு வருஷமாக நான் கூட்டத்தில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து சபித்திருக்கிறேன்.

ஆனால் வாயை அடைத்தது இது எதுவுமில்லை. நிலம்தான். ஓலானியாவுக்கு மகன் இருக்கிறான் என்றால் நாலு காணியும் அவனுடையது. நான் இரண்டு பெண் பெற்ற, மகன் இல்லாத முதல் பெண்டாட்டி. ஒயாட் சொன்னது சரியாகிவிடும். என் நாற்பது வயதில் அதுவரை எனக்கென்று இருந்தது ஓடையோரத்து மண்ணும், சுகாதார நிலையத்தில் இரவு நேரத் தரை துடைப்பு வேலையும்தான். மேல்நிலைப் பள்ளி மூன்றாம் வருஷத்தோடு படிப்பை விட்டவளுக்கு அதற்கு மேல் கிடைக்காது.

அடுத்த வியாழன் கூட்டத்தில், ரேடியோவில் சொல்லலாம் என்று முடிவானது. இந்தக் கூவல் யாருடையது, அந்தக் குலம் சங்கத்தைத் தேடி வரவும் என்று. சீட்டு எழுதி நிலையத்தில் கொடுக்கும் பொறுப்பு செயலாளருக்கு. இரவு வேலை முடித்து நேராக லாரி ஏறினேன். ரேடியோ நிலையத்து வாசல் படியில் உட்கார்ந்து எழுதினேன். 'மழைக்கு எழும்பாத கிடா.' ஒரு சொல். எழுத ஒரு நொடி ஆகவில்லை.

இரண்டு தடவை வாசித்தார்கள். லமுனு வீட்டில் ரேடியோ கிடையாது. அரியேமோ கேட்டிருக்கிறாள். "கிடான்னு வாசிக்கிறான்டி அந்தத் தடியன்," என்று கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னாள். "கிடா எங்கயாவது மழையில படுத்துக் கிடக்குமா? ஆடு மேய்க்காதவனை எல்லாம் வேலைக்கு வெச்சிருக்கான்."

"போய்ச் சொல்றேன்," என்றேன். போகவில்லை.

யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வெறும் காற்றில் போய்க் கரைந்துவிடும், பிறகு சங்கம் வேறு வழி பார்க்கும், ஊர்க் காணியில் ஏதாவது கேட்டு மனுப் போடலாம், அந்த மனுவை நானே நன்றாக எழுதிக் கொடுக்கலாம். அப்படி நினைத்தேன். ஒன்பது நாளில் ஒரு முதியவர் கிடங்கு வாசலில் வந்து நின்றார். பெயர் ஓபிரா. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து ஒன்றரை நாள் நடந்து வந்திருந்தார். அவருடைய ஒரே மகனையும் ஓலானியாவைப் பிடித்த அதே வருஷத்தில் பிடித்துப் போயிருந்தார்கள்.

"என் மகன் கிடான்னுதான் கூவுவான்," என்றார். "மழை இருந்துச்சான்னு ஞாபகம் இல்லை. இருந்திருக்கும்."

கிடா என்று அவர் சொன்னபோது வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன்; மற்றவர்கள் உள்ளே, லமுனு அங்கில்லை. தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமகளே" என்று மட்டும் சொன்னார்.  அவருக்கு மூக்கு ஒழுகியது. அரியேமோ தன் முக்காட்டு நுனியைக் கொடுத்தாள்.

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். குறிப்பேட்டில் 'பெரியவர் ஓபிரா வந்தார். குலம் கிடைத்தது' என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை பதினைந்து பேரும் பையனும் வாடகை லாரியில் போனோம். வழியெல்லாம் பாட்டு. லமுனு புதுத் துணி கட்டியிருந்தாள். சின்ன அசிரோ அவளைச் சீண்டிக்கொண்டே வந்தாள். "மாமனார் நல்லா நடக்குறாரு, கவனிச்சியா? ஒன்றரை நாள் நடந்திருக்காரு. நீ வேண்டாம்னா எனக்குச் சொல்லு."

"எடுத்துக்கக்கா," என்றாள் லமுனு. "எனக்கு ஒரு பாத்தி மட்டும் விட்டுடு."

பையன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் காதைப் பார்க்காமல் வந்தேன். ஓலானியாவின் காது அது.

கிழவர் முற்றத்தைப் பெருக்கிச் சாணி மெழுகி வைத்திருந்தார். இரண்டு கோழி அடித்தாகிவிட்டது. எள் விழுதுப் புளிச்சகீரை கொதிக்கும் வாசனை வந்தது. வாசலில் பச்சைக் குச்சிகளுக்கு நடுவே ஒரு முட்டை. வெகுகாலம் வெளியே அலைந்தவன் வீடு திரும்பினால், அதை மிதித்து உடைத்துத்தான் உள்ளே வர வேண்டும். காட்டில் ஒட்டிக்கொண்டதெல்லாம் அதோடு போகும். மிதித்துவிட்டால் அவன் அந்தக் குலம். பிறகு மாற்ற முடியாது. மாற்றான் குலத்து முன்னோருக்கு இவன் யாரென்று தெரியாது, காய்ச்சல் வந்தால் காக்க மாட்டார்கள் என்பதை எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும்.

பையன் ஒரு செருப்பைக் கழற்றினான்.

கிழவர் முன்னோர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். மகனின் பிள்ளை வந்திருக்கிறான் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக் கூவினார். "மழைக்கு எழும்பாத கிடா!"

"கிடா இல்லய்யா," என்றாள் லமுனு சிரித்துக்கொண்டே. "கோழி."

கிழவர் திரும்பினார். "என்னம்மா?"

"கோழி. மழைக்கு எழும்பாத கோழி. அவரு கோழின்னுதான் கூவுவாரு."

"ரேடியோல கிடான்னாங்களே."

"அவன் தப்பா வாசிச்சான் பெரியவரே," என்றாள் அரியேமோ. பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

லபேஜா அம்மா கையை நீட்டினாள். "நோட்டை எடு."

கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கோழின்னுதான் இருக்கு. ரேடியோக்காரன் பண்ணின வேலையா அட்டிமாங்கோ?"

"ஆமா," என்றேன்.

நானாக ஒப்புக்கொண்டேன் என்று எழுதக் கை வருகிறது. அப்படி நடக்கவில்லை. கிழவர் சட்டைப் பையில் கைவிட்டு நாலாக மடித்த தாளை எடுத்தார். "சங்கத்து இடத்தைக் கேக்கத்தான் ரேடியோ ஆபீசுக்குப் போனேன். இந்தச் சீட்டை அவங்ககிட்ட கெஞ்சி வாங்கிட்டேன். என் மகனைப் பத்தி எழுதின தாளு, வேற எதுவும் எங்கிட்ட இல்ல பாருங்க." லபேஜா அம்மாவிடம் நீட்டினார். அவள் தாளைக் குறிப்பேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே கை. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த பெரிய அசிரோகூட எட்டிப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்குடி?" என்றாள் லபேஜா அம்மா. கோபமாக இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அது ஓலானியாவோட கூவல்."

 பையன் ஒரு காலில் செருப்போடு நின்றான்.

"நீங்க வியாழக்கெழமை வியாழக்கெழமை எந்திரிச்சுப் பேரு சொல்வீங்களே," என்றாள் லமுனு. "அந்த ஓலானியாவா?"

"ஆமா."

"எப்பலேந்து தெரியும்?"

"உன் கை சுட்ட அன்னிக்கே."

அவள் பையனிடம் போனாள். "செருப்பைப் போடு," என்றாள்.

கிழவர் குனிந்து முட்டையை எடுத்தார். சட்டையில் துடைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாப்பிட்டுப் போங்க," என்றார். "கோழி அடிச்சாச்சு. இவ்வளவையும் நான் ஒருத்தன் எப்படித் திங்கிறது?"

சாப்பிட்டோம். அடித்த கோழிக்கு முன்னால் எழுந்து போவது அவரை இன்னும் கொல்வதாகும். என் தட்டிலும் வைத்தார். காலோடு ஒரு துண்டு. நான் தின்றேன். ருசியாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது யாரும் என்னோடு பேசவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அரியேமோவிடமிருந்து ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை நான் கிடங்குக்குப் போகவில்லை. வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். வெளியே மண்வெட்டிகளைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏழு குந்தலில் நானே அப்படி மண்வெட்டியைப் போட்டிருக்கிறேன்.

வாசலுக்கு வந்தேன். பதினாலு பேர். அவரவர் மாவு, அவரவர் பானை. பெரிய அசிரோ என் முற்றத்து மாமரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தாள். என் குடத்தைக் காட்டி, "தண்ணி எடுத்துக்கங்க" என்றேன். யாரும் எடுக்கவில்லை. விதி அது. நானே எழுதிய விதி.

ஓடையோரத்துக்குப் போய்க் கொத்த ஆரம்பித்தார்கள். லமுனு முன்னால், பையன் அவள் பின்னால். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பாதையில் போனவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, "யாருக்காகக் குந்துறாங்க?" என்று கேட்டாள். "எனக்கு எதிரா" என்று சொல்லத் தெரியவில்லை. "லமுனுவுக்காக" என்றேன். இதற்கு முன்னால் எத்தனை வீட்டுக்காரர்கள் குந்தலின்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்கள், நாங்கள் வெளியே அதைச் சொல்லிச் சிரித்தோம். இரண்டாம் நாள் நானும் சாத்திக்கொண்டேன். சிரித்தார்களா என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஒயாட் பெரியவர்களோடு வந்தான். பையனைப் பார்த்ததும் அவன் காதைப் பிடித்துத் திருப்பினான். "அண்ணன்டா," என்று அழுதான். நிஜ அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "பாத்தியா அண்ணி? அன்னிக்குச் சொன்னேன். இனி நாலும் பையனுக்கு. பையன் சின்னவன், நான் பாத்துக்குறேன். நீ உன் பொண்ணுங்க வீட்டுக்குப் போய் உக்காரு."

 எனக்குப் பேசும் உரிமை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"உக்காருங்க தம்பி," என்றாள் லபேஜா அம்மா. "நாங்க இன்னும் எந்திரிக்கல."

"அதான் பையனை ஏத்துக்கிட்டோமே. இன்னும் என்ன?"

"ரெண்டு காணி பையனுக்கு. அவன் அம்மா பாத்துக்குவா, நீங்க வேண்டாம். ரெண்டு காணி அட்டிமாங்கோவுக்கு, சாகுற வரைக்கும். எருது இறங்கக் கூடாது. பெரியவங்க பெருவிரல் வெச்சதும் எந்திரிச்சுப் போறோம்."

ஒயாட்டுக்குச் சிரிப்பு வந்தது. "இவளுக்கா? உங்களையே ஏமாத்தினவளுக்கா?"

"அவ கேடு கெட்டவதான்," என்றாள் அரியேமோ. மூன்று நாளில் என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. "ஆனா எங்க கேடு கெட்டவ. அவளைத் துரத்துறதா இருந்தா நாங்க துரத்துவோம். உனக்கென்ன வேலை?"

அவர்கள் வேறு எப்படிப் பழி வாங்கியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

எந்தப் பாத்தி யாருக்கு என்று அளந்தார்கள். எழுதும் நேரம் வந்தது. என் கை தானாகப் பேனாவுக்குப் போயிற்று. லபேஜா அம்மா அதைப் பார்த்தாள். குறிப்பேட்டை அரியேமோவிடம் கொடுத்தாள். அரியேமோவுக்கு எழுத்து வராது என்றே சொல்லலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக எழுதினாள். என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். எல்லாரும் காத்திருந்தோம். நான் திருத்தவில்லை.

என் இளையவள் கல்யாணத்துக்கு முன் இருந்த சின்னக் குடிசையை லமுனுவுக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்பது பெரிய சொல். அதுவும் தாளில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் சங்கம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. போகும்போது லபேஜா அம்மா என்னிடம், "வியாழக்கெழமை வா," என்றாள். "பேர் கூப்பிடும்போது எந்திரி. என்ன சொல்றதுன்னு நீயே யோசிச்சுக்கோ."

லமுனு தன் மூட்டையைக் குடிசைக்குக் கொண்டுபோனாள். பையன் உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்தான். நான் களியும் தட்டைப்பயறுக் கீரையும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். வாங்கிக்கொண்டாள். மறுக்கவில்லை. பசி இருந்திருக்கும்.

"லமுனு," என்றேன். சக்களத்தி என்ற வழக்கமான வார்த்தை வாயில் வந்து நின்றுவிட்டது. "அவர் அப்படிப்பட்டவர் இல்ல. அவங்க பிடிச்சுட்டுப் போறதுக்கு முன்னால... அவர் எப்படி இருந்தார்னு, பையன் தெரிஞ்சுக்கணும்னா, நான்..."

"உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

தட்டைக் கீழே வைத்தாள். "நான் அவரைத் தெரிஞ்சுக்க இங்க வரல. என் புள்ளைக்கு மண்ணு வேணும், வந்தேன். நாளைக்கு விதைக்கணும். சோளம் விதை கொஞ்சம் இருந்தா காலையில குடுங்க. முளைக்கிற விதையா குடுங்க."

"இருக்கு. குடுக்கறேன்."

"சரி."

எங்கள் முற்றத்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பாய் சாத்தி, கல் வைப்பதோடு சரி. அந்தக் குடிசைக்கு மட்டும், முகாம் காலத்து நினைப்பில், என் இளையவள் தகரக் கதவும் உள்தாழ்ப்பாளும் போட்டுவைத்திருந்தாள். லமுனு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் முதலில் நகரவில்லை. அவள் விடவில்லை. இரண்டு தடவை இழுத்து, மூன்றாம் தடவை அது போய் விழுந்தது. அதன்பின் உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. அவள் தன்னுடைய பூட்டையும் கொண்டுவந்திருந்தாள்.